கொட்டாங்குச்சி குப்பையல்ல

பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் நம் திருவண்ணாமலையில் உடைபடும் தேங்காய்க்குக் கணக்கில்லை. காய் விற்ற காசை இரண்டு தரம் எண்ணும் நாம், கொட்டாங்குச்சி எங்கே போகிறது என்று கேட்பதில்லை. கொஞ்சம் அடுப்புக்குப் போகிறது. மிச்சம் குப்பை வண்டியில் ஏறுகிறது.

அது போய்ச் சேரவேண்டிய ஊர் காங்கேயம். அங்கே இதைத் 'தொட்டி' என்பார்கள். காற்றை மட்டுப்படுத்திச் சுட்டால் மூன்று, மூன்றரை கிலோ ஓட்டுக்கு ஒரு கிலோ கரி தேறும். அந்தக் கரியை ஆலையில் 900 டிகிரி அளவுக்குச் சூடேற்றி நீராவி செலுத்தினால், கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டாகும். ஒரே ஒரு கிராம் கரியின் துளைச் சுவர்களை விரித்துப் போட்டால் சுமார் 1,000 சதுர மீட்டர், அதாவது கால் ஏக்கர்! மனை வாங்கி விற்பவர்கள் கவனிக்கவும்.

தண்ணீர் சுத்தம் செய்ய இக்கரி போவது பழைய சேதி. இப்போது மின்சாரத்தைச் சேமிக்கவும் போகிறது. சூப்பர் கெப்பாசிட்டர் என்ற சாதனத்தின் தகடுகளில் பூசுவது இந்தத் துளைக் கரியைத்தான். பாட்டரியைவிடக் குறைவாகவே மின்சாரம் பிடிக்கும். ஆனால் நொடிகளில் ஏறும், லட்சக்கணக்கான தடவை ஏற்றி இறக்கலாம். ஜப்பானின் குராரே கம்பெனியும் இலங்கையின் ஹேகார்ப் கம்பெனியும் தேங்காய் ஓட்டிலிருந்தே இந்த ரகம் செய்கின்றன. 2024ல் கண்ணூரில் கெல்ட்ரான் நிறுவனம் இஸ்ரோ துணையோடு இச்சாதனத்துக்கு ஆலை திறந்திருக்கிறது. நம் காரைக்குடியிலோ, வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1953ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகமே இருக்கிறது.

சரக்குக்குக் கிராக்கி உண்டு. நம் சரக்குதான் சுத்தமில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு லாரி ஓடு அனுப்பினோம். மண், நார், ஈரம் என்று சொல்லி வாங்கியவர் எடையில் பெரும் கழிவு பிடித்தார். அன்று கோபப்பட்டோம். மின் ரகக் கரியில் சாம்பலும் இரும்பும் மிக மிகக் குறைவாக இருக்கவேண்டும் என்று பிறகு தெரிந்தபோது, அவர் பேரில் தப்பில்லை என்று புரிந்தது. சாலையில் சிதறும் ஓடும் ஓட்டலில் துருவி மிஞ்சும் ஓடும் ஒரே சாக்கில் போனால் ஒரே விலைதான், அதுவும் தாழ்ந்த விலை.

ஆகவே சங்கத்தார் ஒரு கொட்டகையும் எடை மேடையும் போடவேண்டும். காய்ந்த சுத்தமான ஓடு தனி, மற்றது தனி. கரிச் சூளை மட்டும் இங்கே வேண்டவே வேண்டாம். காங்கேயம் பக்கம் கரியை அணைத்த தண்ணீர் நிலத்தில் இறங்கிக் கிணறு கெட்டதென்று விவசாயிகள் போராடியதை மறக்கலாகாது. ஓடாகவே விற்போம், லாபம் சற்றுக் குறைந்தாலும் சரி.

வரும் பொதுக்குழுவில் இதைப் பேச எண்ணியுள்ளோம். கொட்டகைக்கு இடம் வைத்திருக்கும் அங்கத்தினர்கள் அதற்கு முன்பே சொன்னால் நல்லது.