கம்பியை மாற்றுமுன் கணக்குப் போடுங்கள்

என் மாணவன் ஒருவன் நைலான் கம்பி பூட்டிய கிதார் வாங்கினான். ஓசை போதவில்லை என்று எஃகுக் கம்பிகளை மாட்டினான். சில வாரங்களில், கம்பிகளைப் பிடித்திருக்கும் மரக்கட்டை பலகையிலிருந்து பெயர்ந்துவிட்டது. உத்தரவாதச் சீட்டோடு கடைக்குப் போனான். "தயாரிப்புக் குறைக்குத்தான் உத்தரவாதம், தவறான கம்பிக்கு இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள்.

தவறு யாருடையது? இயற்பியலைக் கேட்போம்.

நீளமும் சுருதியும் மாறாதிருந்தால், கம்பியின் இழுவிசை அதன் ஒரு மீட்டர் நீளத்தின் நிறைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். எஃகின் அடர்த்தி நைலானைப் போல் ஏறக்குறைய 7 மடங்கு. எஃகுக் கம்பி மெல்லியதுதான். ஆனாலும் ஆறு நைலான் கம்பிகள் சேர்ந்து சுமார் 40 கிலோகிராம் எடைக்குச் சமமாக இழுக்கும் இடத்தில், ஆறு எஃகுக் கம்பிகள் சுமார் 70 கிலோகிராம் இழுக்கும். நைலானுக்கென்று மெலிதாகச் செய்த பலகை இதைத் தாங்குமா?

எஃகுக் கம்பிக்கென்றே செய்த கிதாரிலும் கவனம் தேவை. கம்பியின் விட்டம் 10 சதவீதம் கூடினால் இழுவிசை 21 சதவீதம் கூடும். நிறை விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததல்லவா? கம்பியதிர்வின் விதிகளைப் பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1636-இலேயே வெளியிட்டுவிட்டார்.

ஆகவே கடைக்காரரை மட்டும் நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் மின்விளக்கில் வாட்டும் வோல்ட்டும் பொறிக்கிறார்களே, அதுபோல் எவ்வளவு இழுவிசை தாங்கும் என்று உத்தரவாதச் சீட்டில் அச்சிட்டால் என்ன? அச்சிடத்தான் வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை நீங்களே கேளுங்கள்: எந்தக் கம்பி? எவ்வளவு தடிமன்? பதில் தெரிந்த பிறகு பணம் கொடுங்கள்.