குழந்தைகளின் பாதுகாப்பும் கைப்பணியாளரின் பிழைப்பும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது உற்பத்திப் பாதுகாப்பு ஒழுங்குவிதி 2024 டிசம்பர் 13 ஆம் திகதி நடைமுறைக்கு வந்ததையடுத்து, பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் வீட்டிலிருந்தவாறே குழந்தைகளுக்கான பொருட்களைத் தைத்தும் பின்னியும் விற்றுவந்த சிறு உற்பத்தியாளர்கள் பலர், ஐரோப்பாவுக்கும் வட அயர்லாந்துக்கும் தமது பொருட்களை அனுப்புவதை நிறுத்திக்கொண்டனர். ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து விற்பவர் அதற்குள்ளே பொறுப்புக்கூறும் ஒருவரை நியமிக்க வேண்டும் என்ற நிபந்தனை, விளையாட்டுப் பொருட்கள் உள்ளிட்ட சில வகைகளுக்கு ஏற்கனவே இருந்தது. இப்போது அது கம்பளிக் காலுறை முதல் தொட்டில் விரிப்பு வரை ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் விரிவுபடுத்தப்பட்டுள்ளது. இடர் மதிப்பீட்டு ஆவணமும் பேணப்பட வேண்டும். மாதம் பத்துப் பொருட்களை விற்பவருக்கும் பத்து இலட்சம் விற்பவருக்கும் விதி ஒன்றே. தொல்பொருட்களுக்கு விலக்களித்த சட்டம் சிறு தொழிலுக்கு அத்தகைய விலக்கு எதனையும் அளிக்கவில்லை.

இது புதிய அனுபவமன்று. இதே நிலைமை 2008 இல் அமெரிக்காவில் உருவாகி, அங்குள்ள கைப்பணியாளரை மூன்று ஆண்டுகள் அலைக்கழித்தது. அந்த வரலாற்றை அறிந்திருக்க வேண்டிய தேவை எமக்கும் உண்டு.

2006 இல் மினியாபொலிஸ் நகரில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன், சப்பாத்து வாங்கியபோது இலவசமாகக் கிடைத்த இதய வடிவப் பதக்கம் ஒன்றை விழுங்கி உயிரிழந்தான். அந்தப் பதக்கம் ஏறக்குறைய முழுவதுமே ஈயத்தாலானது. அதனை விநியோகித்தது உலகறிந்த ஒரு கம்பனி. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில், சீனாவில் தயாரான தோமஸ் மரப் புகையிரத வண்டிகளில் சுமார் 15 இலட்சம், வண்ணப்பூச்சில் ஈயம் இருந்தமையால் மீளப்பெறப்பட்டன. ஓகஸ்ட் மாதத்தில் மெட்டெல் நிறுவனத்தின் முறை வந்தது. ஈயப்பூச்சுள்ள பொம்மைகளும், சிறு காந்தங்கள் கழன்றுவிழக்கூடிய ஒரு கோடியே எண்பது இலட்சம் விளையாட்டுப் பொருட்களும் திரும்பப் பெறப்பட்டன. பழி முழுவதும் சீனத் தொழிற்சாலைகள் மீது விழுந்தது. அவற்றுள் ஒன்றின் உரிமையாளர் தற்கொலை செய்துகொண்டார். ஆனால், மீளப்பெறப்பட்டவற்றில் பெரும்பாலானவை தமது சொந்த வடிவமைப்புத் தவறின் விளைவே என்பதை மெட்டெல் நிறுவனமே அவ்வாண்டு செப்டெம்பரில் பீஜிங் சென்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோர நேர்ந்தது.

இதனைக் கண்காணித்திருக்க வேண்டிய நுகர்வோர் உற்பத்திப் பாதுகாப்பு ஆணைக்குழுவோ, 1980 இல் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான ஊழியர்களைக் கொண்டிருந்து, 2007 இல் ஏறத்தாழ 400 பேராகச் சுருங்கியிருந்தது. சந்தையைக் கட்டுப்பாடின்றி விட்டுவிட்டால் அது தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்குக் குழந்தைகள் கொடுத்த விலை அது.

மக்களின் சீற்றம் சட்டமாக மாறுவதற்கு அதிக காலம் எடுக்கவில்லை. பிரதிநிதிகள் சபையில் 424 இற்கு 1 என்ற வாக்குகளாலும் செனட் சபையில் 89 இற்கு 3 என்ற வாக்குகளாலும் நிறைவேறிய சட்டமூலத்தில், 2008 ஓகஸ்ட் 14 அன்று ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் கையொப்பமிட்டார். பன்னிரண்டு வயதும் அதற்குக் குறைந்தோருமான பிள்ளைகளுக்கான பொருட்களில் ஈயத்தின் அளவு முதலில் பத்து இலட்சத்துக்கு 600 பங்கு, பின்னர் 300 பங்கு, 2011 இல் 100 பங்கு எனப் படிப்படியாகக் குறைக்கப்பட வேண்டும். வண்ணப்பூச்சில் 90 பங்கு மட்டுமே இருக்கலாம். பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் தலேற்று இரசாயனங்களுக்கும் வரம்பு விதிக்கப்பட்டது. இவற்றில் எதனையும் எவரும் குறைகூற முடியாது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கின்றது. அதற்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை.

சிக்கல் வரம்பில் இருக்கவில்லை. அதனை நிரூபிக்கும் முறையிலேயே இருந்தது. ஒவ்வொரு பொருளும் அங்கீகாரம் பெற்ற மூன்றாந்தரப்பு ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கப்பட வேண்டும் என்றது சட்டம். ஆய்வுகூடம் கட்டணம் அறவிடுவது மாதிரி ஒன்றுக்கேயன்றி, விற்பனையாகும் எண்ணிக்கைக்கு அன்று. ஒரு பரிசோதனைக்கு 500 டொலர் என வைத்துக்கொள்வோம். ஐம்பதாயிரம் பொம்மைகளை வார்த்தெடுக்கும் தொழிற்சாலைக்கு அது பொம்மை ஒன்றுக்கு ஒரு சதம். இருபத்தைந்து பொம்மைகளைக் கையால் தைக்கும் பெண்ணுக்கோ ஒன்றுக்கு இருபது டொலர். பொத்தானின் நிறத்தை மாற்றினால் அது வேறொரு பொருளாகிவிடும். ஒரேயொரு பொம்மையை மட்டும் செய்பவரின் நிலை இன்னும் விநோதமானது. பரிசோதனையின்போது பொருள் வெட்டப்பட்டும் கரைக்கப்பட்டும் அழிந்துவிடுவதால், சான்றிதழ் எஞ்சும், பொம்மை எஞ்சாது.

மேலும், ஈய வரம்பு ஏற்கனவே கடைத்தட்டில் இருந்த பொருட்களுக்கும் பொருந்தும் என்பதால், அது நடைமுறைக்கு வந்த 2009 பெப்ரவரி 10 ஆம் திகதியைக் கைப்பணியாளர்கள் 'தேசிய வங்குரோத்து நாள்' என்று அழைத்தனர். பழைய ஆடைகளை ஏழைகளுக்கு மலிவாக விற்கும் கடைகள் சிறுவர் பகுதிகளைக் காலிசெய்தன. உலோகக் கலவையில் ஈயம் இருந்ததென்பதற்காகச் சிறுவர் ஓட்டும் மோட்டார் சைக்கிள்களும் விற்பனையிலிருந்து அகற்றப்பட்டன. டயரின் வால்வை எந்தப் பிள்ளை நக்கப்போகின்றது என்று பெற்றோர் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை.

இத்தனைக்கும் காரணமான மெட்டெல் நிறுவனத்துக்கு நேர்ந்தது என்ன? 2007 இல் ஏறக்குறைய 600 கோடி டொலர் விற்பனை செய்த அந்நிறுவனம், 2009 இல் 23 இலட்சம் டொலர் தண்டப்பணம் செலுத்தியது. அதே ஆண்டில், சட்டத்தில் இருந்த ஒரு பிரிவைப் பயன்படுத்தி, தனது பொருட்களைத் தன் சொந்த ஆய்வுகூடங்களிலேயே பரிசோதிப்பதற்கு ஆணைக்குழுவின் அனுமதியையும் பெற்றுக்கொண்டது. தவறிழைத்தவரின் சொல் நம்பப்பட்டது. தவறிழைக்காதவர் வெளியாரின் சான்றிதழுக்குப் பணம் தேட வேண்டியவரானார்.

கைப்பணியாளர்கள் ஒன்றுகூடிக் கைவினை விளையாட்டுப் பொருள் கூட்டமைப்பு என ஓர் அமைப்பை உருவாக்கி வாதாடினர். அதன் பயனாகப் பரிசோதனைக் கட்டாயத்தின் ஒரு பகுதி ஒத்திவைக்கப்பட்டது. பூச்சிடப்படாத மரம், பருத்தி, கம்பளி போன்றவை இயல்பிலேயே ஈய வரம்பை மீறாதவை என ஆணைக்குழு ஏற்றுக்கொண்டது. துணி, நூல், வண்ணம் ஆகிய மூலப்பொருட்களை வழங்குபவர் பெற்ற சான்றிதழையே தைப்பவரும் பயன்படுத்தலாம் என்ற விதி வந்தது. எமது கணிப்பில் மிகவும் பயனுள்ள சீர்திருத்தம் இதுவேயாகும். இறுதியில் 2011 ஓகஸ்ட் 12 இல் ஜனாதிபதி ஒபாமா கையொப்பமிட்ட திருத்தச் சட்டம், ஆண்டு வருமானம் பத்து இலட்சம் டொலருக்கு மேற்படாத, ஒரே பொருளில் 7,500 இற்கு மேல் உற்பத்தி செய்யாத சிறு உற்பத்தியாளரைத் தனி வகையாக அங்கீகரித்தது. பதிவு செய்துகொண்டால் பல பரிசோதனைகளுக்கு மூன்றாந்தரப்பு ஆய்வுகூடம் தேவையில்லை. ஆயினும் வண்ணப்பூச்சின் ஈயம், உலோக ஆபரணம், தொண்டையில் சிக்கக்கூடிய சிறு பாகங்கள் ஆகியவற்றுக்கு எந்தச் சலுகையும் இல்லை. வரம்புகளும் எல்லோருக்கும் பொதுவாகவே நீடித்தன.

ஐரோப்பாவில் விளையாட்டுப் பொருள் தொடர்பான பழைய விதி இவ்விடயத்தில் அமெரிக்கச் சட்டத்தைவிட விவேகமானது என்றே கூற வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட தரநியமங்களை முழுமையாகப் பின்பற்றுபவர், உரிய ஆவணங்களைப் பேணித் தாமே இணக்கத்தைப் பிரகடனம் செய்து குறியீட்டை இடலாம். பிரித்தானியாவில் சமையலறை மேசையில் துணிக்கரடி தைப்போர் இவ்வழியிலேயே தொழிலை நடத்தி வந்தனர். இப்போது 2030 ஓகஸ்ட் முதல் நடைமுறைக்கு வரவிருக்கும் புதிய ஒழுங்குவிதி, ஒவ்வொரு விளையாட்டுப் பொருளுக்கும் டிஜிட்டல் கடவுச்சீட்டு வேண்டும் என்கின்றது. அமெரிக்க ஆணைக்குழுவும் இறக்குமதிப் பொருட்களின் சான்றிதழ்களை இலத்திரனியல் முறையில் முன்கூட்டியே சமர்ப்பிக்க வேண்டும் என 2025 ஜனவரியில் விதி வெளியிட்டு, 2026 ஜூலை 8 ஐ அதற்கான திகதியாகக் குறித்தது.

இங்குதான் இவ்விவகாரம் எமது வாசலுக்கு வருகின்றது. குருநாகலில் 1991 இல் தொடங்கப்பட்ட செலின் நிறுவனம், கைத்தறித் துணியில் தைத்த பொம்மைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பிப் பெயர் பெற்றுள்ளது. அத்தகைய நிறுவனம் ஆவணங்களைக் கையாளும் ஆற்றலைத் தேடிக்கொள்ளும். ஆனால், மருதமுனைத் தறிகளில் எஞ்சும் துணித்துண்டுகளைப் பொம்மையாக்க எண்ணும் பெண்ணோ, யாழ்ப்பாணத்தில் பனையோலை இழைக்கும் குடும்பத் தலைவியோ என்ன செய்வார்? யுத்தத்தின் பின்னர் வடக்கு, கிழக்கில் கணவரை இழந்த பெண்களுக்கு வாழ்வாதார உதவி என்ற பெயரில் தையல் இயந்திரங்கள் தாராளமாக வழங்கப்பட்டன. கையளிக்கும் வைபவங்களுக்கும் புகைப்படங்களுக்கும் குறைவிருக்கவில்லை. அந்த இயந்திரத்தில் தைத்த பொருளை எந்தச் சந்தை எந்த நிபந்தனையுடன் ஏற்கும் என்பதைச் சொல்லிக்கொடுப்பது உதவித்திட்டத்தின் பகுதியாகக் கருதப்படவில்லை.

அதேவேளை, கையால் செய்தது என்பதனாலேயே ஒரு பொருள் பாதுகாப்பானதாகிவிடாது என்பதையும் மறைப்பதற்கில்லை. ஓலைக் கிலுகிலுப்பையினுள் இடப்படுவது சிறு கற்களே. ஓலை காய்ந்து வெடித்தால் அவை குழந்தையின் வாய்க்குள் செல்லும். ஓலைக்கு ஏற்றும் சாயத்தில் என்ன கலந்துள்ளதென்பது சாயம் விற்பவருக்கே தெரியாதிருக்கலாம். எமது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை 2011 இல் வர்த்தமானி மூலம் வெளியிட்டு, 2013 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்திய பணிப்புரையில், விளையாட்டுப் பொருட்களுக்கான பூச்சில் ஈயம் 90 பங்குக்கு மேற்படலாகாது எனவும், எனாமல் பூச்சுக்கு 600 பங்கு எனவும் வரம்பிடப்பட்டது. மரத்தில் நடைவண்டி செய்யும் தச்சர் ஊர்க் கடையில் வாங்குவது எந்தப் பூச்சை? கதவுக்கும் யன்னலுக்கும் அடித்து மிஞ்சிய எனாமலைத்தான் அவர் எடுக்கின்றார் என்றால், அக்குற்றம் அவருடையது மட்டுமா?

ஆகவே, விதிவிலக்குக் கேட்பது எமது கோரிக்கையாக இருக்க முடியாது. மூலப்பொருளின் மட்டத்திலேயே பரிசோதனை முடிந்துவிட வேண்டும் என்பதே கோரப்பட வேண்டியது. பனை அபிவிருத்திச் சபை ஓலைச் சாயங்களைத் தொகுதி தொகுதியாக வாங்கி, ஒருமுறை பரிசோதித்து, சான்றிதழின் பிரதியோடு உறுப்பினர்களுக்கு விநியோகிக்கலாம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நூலுக்கும் சாயத்துக்கும் அவ்வாறே செய்யலாம். நூறு பேர் தனித்தனியே செலுத்த முடியாத கட்டணத்தை ஒரு சங்கம் ஒருமுறை செலுத்துவது பெரிய காரியமன்று. விளையாட்டுப் பொருளுக்கு உகந்த பூச்சு எதுவென்பதைத் தகரத்தின் மேல் மூன்று மொழிகளிலும் தெளிவாக அச்சிடுமாறு கம்பனிகளைப் பணிப்பதற்கு அதிகார சபைக்கு நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. தையல் இயந்திரம் வழங்கும் அடுத்த வைபவத்துக்கு இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் அதிகாரி ஒருவரையும் அழைத்து, தரநியமங்களைத் தமிழில் விளக்கச் செய்யுமாறு பிரதேச செயலகங்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.