பெருங்காயத்துக்குள் கோதுமை

“எங்கள் வீட்டில் ஆறு மாதமாகச் சப்பாத்திக் கல்லையே அடுப்பில் ஏற்றவில்லை. மூன்று வேளையும் அரிசிச் சோறும் இட்டிலியுந்தான். பிறகு கோதுமை எங்கிருந்து வரும்?” என்று டில்லி வாசியான நம் சங்கத்து அம்மையார் ஒருவர் சென்ற மாதம் நமக்கு எழுதிக் கேட்டிருந்தார். அவருடைய மகளுக்கு ஒன்பது வயது. வளர்த்தி இல்லை, முகம் வெளுத்திருந்தது, இரண்டாண்டுகளாக இரும்புச் சத்து மருந்து கொடுத்தும் இரத்தம் ஊறவில்லை. இறுதியில் மருத்துவர் இரத்தத்தைச் சோதித்து, சிறுகுடலிலிருந்து துளி சதை எடுத்தும் பார்த்து, இது சீலியாக் என்னும் நோய் என்று உறுதி கூறினார். கோதுமையை அறவே விலக்கச் சொன்னார், விலக்கினார்கள். ஆயினும் ஆறு மாதம் கழித்து மீண்டும் சோதித்தபோது, தணிந்திருக்க வேண்டிய அளவுக்கு நோயின் அடையாளம் தணியவில்லை. “எங்கோ ஒரு வழியாகக் கோதுமை உள்ளே போய்க்கொண்டிருக்கிறது” என்றாராம் மருத்துவர். அந்த வழி எது என்பதே அம்மையாரின் கேள்வி.

கோதுமையிலும் வாற்கோதுமையிலும் ரை என்னும் தானியத்திலும் குளூட்டன் என்றொரு புரதப் பசை உண்டு. சப்பாத்தி மாவு பிசையும்போது இழுபடுவது இதனால்தான். சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு இப்பசை உள்ளே சென்றதும், உடலின் காவற்படை தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிறது. உண்ட உணவின் சத்தை உறிஞ்சும் நுண்ணிய குடல் விரல்கள் தேய்ந்து போகின்றன. பிறகு எத்தனை பாலும் பழமும் கொடுத்தாலும் உடலில் ஒட்டுவதில்லை. இதனைத் தீர்க்க மருந்து கிடையாது. குளூட்டனை வாழ்நாள் முழுவதும் விலக்குவதே சிகிச்சை. இந்த உண்மையை உலகுக்கு நிலைநாட்டியவர் ஹாலந்து தேசத்துக் குழந்தை மருத்துவரான வில்லெம் கரேல் டிக்கே. யுத்த காலத்தில் 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி அருகியபோது இந்நோய்க் குழந்தைகள் தேறியதும், ரொட்டி திரும்ப வந்தபின் நலிந்ததும் அவர் முன்னரே கொண்டிருந்த ஐயத்துக்கு வலுவூட்டின. 1950-இல் தம் ஆய்வுரையில் அதனை விரித்தெழுதினார்.

“இது வடக்கத்தியர் நோய்; நமக்கேது?” என்று நம்மவர் பலர் எண்ணுகிறார்கள். ஊரிலுள்ள உறவினரும் அவ்வாறே சொல்லித் தேற்றுகிறார்கள். இவ்வெண்ணத்தில் பாதி உண்மை உண்டு. 2016-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில் இந்தியாவின் மூன்று திசைகளில் 23,000-க்கு மேற்பட்ட வயது வந்தோரைச் சோதித்தார்கள். வடக்கே நூற்றுக்கு 1.23 பேரிடமும், தெற்கே ஆயிரத்துக்கு ஒருவரிடமுமே இந்நோயின் அடையாளமான எதிர்ப்பொருள் இரத்தத்தில் காணப்பட்டது. ஆனால் நோய்க்கு இடங்கொடுக்கும் மரபுக்கூறோ இரு திசையாரிடமும் ஏறக்குறைய ஒரே அளவாக, மூவரில் ஒருவருக்கு மேல், இருந்தது. வேறுபட்டது தட்டில் விழுந்த கோதுமை. வடக்கே நாளொன்றுக்கு 455 கிராம். தெற்கே 25 கிராம். அரிசி நாட்டில் பிறந்து கோதுமை நாட்டில் பிள்ளைகளை வளர்க்கும் நம் போன்ற குடும்பங்கள் இவ்விரண்டு எண்களையும் சற்றே நின்று பார்க்க வேண்டும் என்பது நம் கருத்து.

நிற்க. அம்மையாரின் கேள்விக்கு வருவோம். அவர் சமையலறையில் கோதுமை ஒளிந்திருந்த இடம் பெருங்காய டப்பா.

பெருங்காயம் என்பது ஆப்கானிஸ்தானம், ஈரான், உஸ்பெகிஸ்தானம் முதலிய தேசங்களில் விளையும் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பால், இறுகிப் பிசினானது. அதன் காரமும் நாற்றமும் தாங்கவொண்ணாதவை. அப்படியே குழம்பிலிட்டால் ஒருவரும் வாயில் வைக்க முடியாது. ஆகையால் கருவேலம் பிசின் போன்றதொரு பிசினையும் மாவையும் சேர்த்துப் பிசைந்து, காயவைத்து, கட்டியாகவோ பொடியாகவோ விற்கிறார்கள். டில்லிக்கு அருகிலுள்ள ஹாத்ரஸ் நகரம் இத்தொழிலுக்குப் பேர் போனது. இதில் மோசடி ஒன்றுமில்லை. ‘கூட்டுப் பெருங்காயம்’ என்று டப்பாவிலேயே அச்சிட்டிருக்கிறது. சட்டமும் அதனை அனுமதிக்கிறது. தொல்லை யாதெனில், அந்த மாவு பெரும்பாலும் மைதாவாக இருப்பதே. கட்டியாக வாங்கினால் கலப்பிராது என்று நம்புவோரும் உளர். கடையில் கிடைக்கும் கட்டியும் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயமே.

“ஒரு சிட்டிகைதானே!” என்பார்கள். கணக்குப் பார்ப்போம். ஒரு கிராம் பெருங்காயத்தில் பாதி மைதா என்று வைத்துக்கொண்டால், அரை கிராம் மைதா. மைதாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன். ஆக 50 மில்லிகிராம். இது ஒரு பாத்திரத்துச் சாம்பாருக்கு. நால்வருக்குப் பங்கிட்டால் ஆளுக்குப் பன்னிரண்டு மில்லிகிராமுக்குமேல். பிறகு இரசம், மோர், ஊறுகாய், அப்பளம், மாலையில் தட்டை முறுக்கு என ஒவ்வொன்றிலும் அதே டப்பா திறக்கப்படுகிறது அன்றோ! நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் உட்கொண்டால் சீலியாக் நோயாளியின் குடலுக்குக் கேடு விளைகிறது என்று இத்தாலிய மருத்துவர்கள் 2007-இல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஒன்பது வயதுக் குழந்தை அந்த எல்லையை நெருங்க, சப்பாத்தியை மோந்துகூடப் பார்க்க வேண்டியதில்லை. அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் இப்போது கடைகளில் கிடைக்கிறது. சற்று விலை அதிகம்.

ஏனைய பண்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். சாம்பார்ப் பொடி, இரசப் பொடி, இட்டிலி மிளகாய்ப் பொடி ஆகியவற்றில் பெருங்காயம் வழியாகக் கோதுமை வரும். சேமியாவும் ரவையும் கோதுமையே. இட்டிலி ரவை மட்டும் அரிசியினது. சோயா சாஸில் பெரும்பாலும் கோதுமை உண்டு. பாலில் கலந்து கொடுக்கும் மால்ட் பானங்களில் வாற்கோதுமை உண்டு. இவற்றையெல்லாம்விட மோசமானது ‘ராகி’, ‘சிறுதானியம்’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட பொட்டலம். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது முதல் இவை கடைகளில் மலிந்துவிட்டன. ராகி சேமியாவையும் வரகு பிஸ்கட்டையும் திருப்பிப் பாருங்கள். உள்ளடக்கப் பட்டியலில் பல சமயம் கோதுமையே முதலில் நிற்கும்.

இங்கே சீட்டைப் படிக்கும் முறை பற்றி ஒரு வார்த்தை. 2020-ஆம் ஆண்டு உணவுச் சீட்டு விதிகளின்படி, குளூட்டன் உள்ள தானியம் எதுவும் பண்டத்தில் சேர்ந்திருந்தால், உள்ளடக்கப் பட்டியலுக்கு அப்பால் ‘இதில் அடங்கியுள்ளது’ என்று தனியே அறிவிக்க வேண்டும். இது நல்ல விதி. ஆயினும் ஓட்டைகள் இருக்கின்றன. 100 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாத சிறு பொட்டலத்தில் உள்ளடக்கப் பட்டியலே அச்சிட வேண்டியதில்லை. நம் வீட்டுப் பெருங்காய டப்பாக்களில் பல அந்த அளவுக்குள் அடங்கிவிடும். பொடியில் 5 சதவீதத்துக்குக் குறைவாகச் சேரும் கூட்டுப் பொருளாயின், அதனுள் என்ன இருக்கிறது என்று விரித்தெழுதவும் வேண்டியதில்லை. கோதுமையைத் தனியே அறிவித்தாக வேண்டும் என்பது உண்மையே. ஆனால் பெருங்காயத்தை வெளியில் வாங்கிச் சேர்க்கும் சிறு உற்பத்தியாளருக்கு அதனுள் கோதுமை இருப்பது தெரிந்தாலன்றோ அறிவிப்பார்?

ஆகவே கேட்க வேண்டும். பொட்டலத்தின் மீது உற்பத்தியாளரின் பெயர், விலாசம், புகாருக்கான தொலைபேசி எண், மின்னஞ்சல் விலாசம் ஆகியன இருந்தே தீரவேண்டும். நம்மில் எத்தனை பேர் அதனை ஒரு முறையேனும் பயன்படுத்தியிருக்கிறோம்? அம்மையாரின் கடிதம் கண்டதும், சங்கத்தின் மாதர் பகுதியினர் நம் சமையலறைகளில் வழங்கும் பண்டங்களின் உற்பத்தியாளர் சிலருக்கு எழுதினர். வந்த பதில்களைப் பற்றிச் சொல்வது எல்லோருக்கும் பயன்படும், பெயர்களைச் சொல்லப்போவதில்லை.

ஒரு பெரிய ஸ்தாபனம் நம் கடிதத்துக்கு மிக்க மகிழ்ச்சியும் நன்றியும் தெரிவித்து, தன் பண்டங்கள் யாவும் நூற்றுக்கு நூறு சைவம் என்று உறுதி கூறியிருந்தது. கோதுமையும் சைவந்தானே! இன்னொன்று, தொழிற்சாலை நவீன இயந்திரங்களுடன் சுகாதார முறையில் நடைபெறுவதாக ஒரு பக்கம் எழுதியிருந்தது. குற்றம் முழுவதும் அவர்களுடையதன்று. “உங்கள் பொடி குளூட்டன் இல்லாததா?” என்று பொதுப்படையாகக் கேட்டிருந்தோம்; பொதுப்படையாகப் பதில் வந்தது. இரண்டாம் முறை வினாவைப் பிரித்துக் கேட்டபோதுதான் விஷயம் வெளிவந்தது. இப்பொடியில் சேரும் பெருங்காயம் எந்த மாவால் ஆனது? கோதுமைப் பண்டம் அரைக்கும் இயந்திரத்திலேயே இதுவும் அரைபடுகிறதா? குளூட்டன் அளவைச் சோதனைச் சாலையில் பார்த்ததுண்டா, பார்த்திருந்தால் எண் என்ன? பொட்டலத்திலுள்ள தொகுதி எண்ணையும் குறித்து எழுதினோம். கேள்வி கூர்மையானால், பதில் எழுதும் குமாஸ்தாவும் தொழிற்சாலைக்குள் சென்று விசாரித்தாக வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றிலும் நல்ல பதில் தென்பாண்டிச் சீமையில் சிறு மசாலா ஆலை நடத்தும் ஒருவரிடமிருந்து வந்தது. அவர் எழுதவில்லை, நம் பகுதிச் சகோதரி ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தார்.

“அம்மா, எங்கள் ஆலையில் கோதுமை என்பதே கிடையாது. மிளகாய், மல்லி, பருப்பு அவ்வளவுதான்” என்றார்.

“பெருங்காயம் சேர்ப்பதுண்டா, ஐயா?”

“சேர்க்காமலா? அது வெளியிலிருந்து மூட்டையாக வருகிறது. அதில் என்ன இருக்கிறதென்று நான் பார்த்ததில்லையே! இருங்கள், பார்த்துச் சொல்கிறேன்.”

மறுநாள் மூட்டையின் சீட்டைப் படம் பிடித்து அனுப்பினார். இரண்டாவதாக மைதா என்று இருந்தது. “பதினெட்டு வருஷமாக இந்தத் தொழில் செய்கிறேன், தாயீ, இதை ஒருவரும் கேட்டதில்லை” என்று வருந்தினாராம். இப்போது பெருங்காயம் சேர்க்காத இரசப் பொடியைத் தனியே அரைத்து, கேட்பவருக்கு அனுப்புகிறார். அதற்கென்று சோதனை செய்யவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறார். சோதனைச் சாலைக் கட்டணம் சிறு ஆலைக்குப் பெரும் பாரம். அதை நாம் குறைசொல்ல மாட்டோம்.

சோதனை எண் தரும் ஸ்தாபனங்களின் பதிலில் பார்க்க வேண்டியது இது. நம் நாட்டு விதிப்படி, ஒரு கிலோ பண்டத்தில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மேற்படாதிருந்தால் மட்டுமே ‘குளூட்டன் அற்றது’ என்று சீட்டில் போடலாம். 20 மில்லிகிராம் என்பது ஏறக்குறைய ஓர் அரிசியின் எடை. 20 முதல் 100 வரை இருந்தால் ‘குளூட்டன் குறைந்தது’ எனலாம். சீலியாக் குழந்தைக்கு அது உதவாது. “கோதுமை சேர்ப்பதில்லை” என்ற பதில் வேறு, “சோதித்தோம், 20-க்குள் இருக்கிறது” என்ற பதில் வேறு. முதலாவது உண்மையாக இருக்கும்போதே இரண்டாவது பொய்யாக இருக்கக்கூடும். பக்கத்து இயந்திரத்தில் ரவை அரைபட்டால் போதும். ‘விற்பனை செய்வோர்’ என்று ஒரு விலாசமும், ‘தயாரிப்போர்’ என்று வேறொரு விலாசமும் இருந்தால், இரண்டுக்கும் எழுதுவது நலம். விற்பவர் பல சமயம் தயாரிப்பவரை மாற்றிவிடுகிறார். அதனாலேயே ஓராண்டுக்கு முந்திய பதிலை நம்பக் கூடாது.

உற்பத்தியாளரைக் கேட்டு முடிவதோடு வேலை தீர்ந்துவிடுவதில்லை. ஊரிலிருந்து வந்த பச்சரிசியைக் கழுவி உலர்த்தி, தெருக்கோடிச் சக்கியில் மாவரைத்து வருகிறோம். அந்தச் சக்கியில் காலை முதல் அரைபட்டது கோதுமை. நம் கொழுக்கட்டை மாவின் முதற்படி முழுவதும் அதன் மிச்சமே. வீட்டு மிக்ஸியில் அரைப்பதைத் தவிர வேறு வழியில்லை. உணவு விடுதியில் ரவா தோசை வார்த்த கல்லிலேயே சாதாத் தோசையும் வார்க்கிறார்கள். மாத்திரைகளில் சேரும் மாவு பெரும்பாலும் மக்காச்சோளத்தினது. ஐயமிருந்தால் மருத்துவரைக் கேளுங்கள், மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே எல்லாரும் கோதுமையை விலக்கத் தொடங்கவும் வேண்டாம். அதற்கொரு நாகரிகம் இப்போது பரவி வருகிறது. நோயில்லாதவர்க்கு அதனால் செலவே மிச்சம். குழந்தைக்கு இந்நோய் இருக்குமோ என்று ஐயமுள்ளவர்கள் முதலில் இரத்தச் சோதனை செய்துகொள்ள வேண்டும். அதுவரை கோதுமையை நிறுத்தவே கூடாது. நிறுத்திவிட்டுச் சோதித்தால் நோய் இருந்தும் இல்லாதது போலத் தோன்றும். ஒருவருக்கு நோய் உறுதியானால் உடன் பிறந்தாரையும் பெற்றோரையும் சோதிக்க வேண்டும்.

இதுவரை வந்த பதில்களைப் பண்டத்தின் பெயர், தொகுதி எண், தேதி ஆகியவற்றோடு ஒரு கோப்பில் சேர்த்துச் சங்க நூலகத்தில் வைத்திருக்கிறோம். ஞாயிறு காலையில் யாரும் வந்து பார்க்கலாம். ஊறுகாய்க்காரர் எவருக்கும் இன்னும் எழுதவில்லை. ஊறுகாய் ஜாடியின் சீட்டைப் படம் எடுத்து அனுப்பும் அன்பர்கள், தொகுதி எண் தெளிவாகத் தெரியும்படி எடுத்தனுப்பினால் உதவியாக இருக்கும்.