தலையெழுத்தா? டி.என்.ஏ. எழுத்தா?

நமது கருங்கல் பக்கத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்த மாத்திரத்தில் ஊரார் சொல்லும் முதல் வார்த்தை என்ன? ஒருவர் "தலையெழுத்து" என்கிறார். மற்றொருவர் "முன்ஜென்ம பாவம்" என்கிறார். இன்னொருவர் "ஆண்டவன் சோதனை" என்கிறார். மதம் எதுவானாலும் முடிவு ஒன்றுதான். அதாவது, காரணம் கேட்காதே, நேர்ச்சைக்குப் பணம் எடு என்பதுதான். முதல் மாதமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர் ஆறாவது மாதம் போகிறார். அதற்குள் பிழைக்கும் வழி குறுகிவிடுகிறது.

சரி, எழுத்து என்று ஒன்று உண்டா என்றால், உண்டு. ஆனால் அது தலையில் பிரமன் எழுதியதல்ல. தாயும் தகப்பனும் கொடுத்தது, உயிரணுவுக்குள் டி.என்.ஏ. என்னும் இரட்டை இழையில் நான்கே எழுத்துக்களால் ஆனது. அது அழியாத எழுத்துமல்ல. உடம்பிலுள்ள தண்ணீரே அதை அரிக்கின்றது. வெயிலும் பீடிப் புகையும் கதிர்வீச்சும் மேலும் கெடுக்கின்றன. ஒவ்வோர் உயிரணுவிலும் தினம் ஆயிரக்கணக்கான பழுதுகள் உண்டாகின்றன.

அப்படியிருந்தும் நாம் பிழைத்திருப்பது எப்படி? கெட்ட எழுத்தை வெட்டியெடுத்து, எதிர் இழையைப் பார்த்துச் சரியான எழுத்தை வைத்து ஒட்டும் புரதங்கள் உள்ளேயே இருக்கின்றன. இதை ஆராய்ந்து காட்டிய லிண்டால், மோட்ரிச், சன்ஜார் ஆகிய மூவருக்கு 2015-ல் இரசாயன நோபெல் பரிசு கிடைத்தது. இரண்டு இழையும் ஒருசேர அறுந்தால் பழுது பார்ப்பது கஷ்டம். தப்பாக ஒட்டியது நிலைத்துவிட்டால் சில சமயம் புற்றுநோயாகிறது. இதில் பாவ புண்ணியத்துக்கு வேலை எங்கே?

இது நமக்குத் தூரத்து விஷயமல்ல. மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருப்பதை 1909-ல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் கண்டார். அதிலுள்ள தோரியம் கதிர் வீசுவது. 2024-ல் நமது கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் மணலெடுக்கும் திட்டத்தோடு மத்திய சர்க்காரின் ஐ.ஆர்.இ.எல். கம்பெனி வந்தது, ஜனங்கள் எதிர்த்தார்கள்.

"எல்லாப் புற்றுநோய்க்கும் மணலே காரணம்" என்பாரும் உண்டு. "ஒரு கெடுதியுமில்லை" என்பாரும் உண்டு. நாம் இருவரிடமும் ஆதாரம் கேட்கின்றோம். இத்தகைய மணலுள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைச் சராசரி பத்தாண்டுக்கு மேல் கவனித்து, இயற்கைக் கதிரால் புற்றுநோய் அதிகமானதாகத் தெரியவில்லை என்று 2009-ல் ஒரு ஆராய்ச்சி வெளியாயிற்று. நமக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அதை மறைப்பது பகுத்தறிவாகாது. ஆனால் தானாகக் கிடக்கும் மணலும், தோண்டிப் பிரித்துக் குவித்த மோனசைட்டும் ஒன்றாகுமா? அந்த ஊர்க் கணக்கு இந்த ஊருக்குப் பதிலாகுமா?

ஆகவே நாம் கேட்பது இதுதான். ஊர் ஊராகக் கதிரை அளந்து, புற்றுநோய்க் கணக்கையும் சேர்த்து, கிராம சபையில் தமிழில் படித்துக் காட்டட்டும். "தலையெழுத்து" என்று நாம் வாய் மூடியிருக்கும்வரை ஜோசியனுக்கும் லாபம், கம்பெனிக்கும் லாபம், சர்க்காருக்கும் லாபம். ஒருவரும் பதில் சொல்ல வேண்டியதில்லையல்லவா!

தோழர்களே! பீடியையும் புகையிலையையும் விடுங்கள். வாயில் ஆறாத புண்ணோ, உடம்பில் புதிதாய்க் கட்டியோ கண்டால் மந்திரவாதியிடம் போகாமல் மருத்துவரிடம் போங்கள். ஊர்ப் பெயர் கருங்கல்லாக இருக்கட்டும். நமது புத்தியும் கருங்கல்லாக வேண்டுமா?