மைக்குக்கு எலும்பு கிடையாது!
போன வாரம் முதல்முறையா பாட்காஸ்ட் ஸ்டூடியோவுக்குப் போனேன் மக்களே! தலைப்பு, 'காலேஜ் முதல் வருஷம்'. எட்டுப் பக்கம் எழுதி மனப்பாடம் வேற. ஹெட்போனில் என் குரலைக் கேட்டதும் பகீர்! 'யார்றா இந்தக் கீச்சுக்குரல்?'

சவுண்ட் இன்ஜினீயர் அண்ணன் சிரித்தார். "நாம பேசுறது நமக்குக் காற்று வழியா மட்டுமில்ல, மண்டை எலும்பு வழியாவும் கேட்குது. அதான் கனமா தெரியுது. மைக்குக்கு எலும்பு கிடையாது தம்பி. ஊரே இத்தனை வருஷமா கேட்கிறது இந்தக் குரலைத்தான்!"

முதல்முறை போறவங்களே, நோட் பண்ணுங்க...

* முந்தின நாளே செல்போனில் பேசிப் பதிவு பண்ணி, உங்க குரலைக் கேட்டுப் பழகுங்க.

* முழுசா எழுதாதீங்க. படிச்சா பஸ் ஸ்டாண்ட் அறிவிப்பு மாதிரி இருக்கும். குறிப்பு போதும்.

* மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி. 'ப' சொன்னா காத்து மோதும்; லேசா பக்கவாட்டில் பேசுங்க.

* வளையல், சாவிக்கொத்து வெளியே. செல்போன் ஆஃப்.

ரெண்டாவது டேக்கில் பேப்பரை மடிச்சு வெச்சுட்டு, ரூம்மேட்கிட்ட பேசுற மாதிரி மூணு அரியர் வெச்ச கதையைச் சொன்னேன். "இதான் டேக்!" என்றார் அண்ணன்.

ஒரே சிக்கல்... அரியர் மேட்டர் அப்பாவுக்குத் தெரியாது. எபிசோட் அடுத்த மாசம். அதுக்குள்ள வீட்டில் சொல்லணும். அதுக்கு ரீடேக் கிடையாதே பாஸ்!