முதல் அரியருக்கே மிஷினில் உட்கார வைக்காதீர்கள்!

திருப்பூர் பழைய பஸ் நிலையம் பக்கம் ஒரு டீக்கடை. காலை ஏழரை மணி. கம்பெனிக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம். கோவைக்கு வண்டி பிடிக்க ஓடும் மாணவர்கள் இன்னொரு பக்கம்.

பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர் ஒருவர் புலம்பினார்:

"ஏனுங்க, பிளஸ் டூவுல கணக்குல தொண்ணூறுக்கு மேல வாங்கின பையனுங்க. இஞ்சினீயரிங் சேர்த்தேன். முதல் செமஸ்டர்லயே மூணு பேப்பர் போச்சு. அந்தக் கணக்கும் போச்சுங்க! வீட்டுல யார்கிட்டேயும் பேசறதே இல்லை. பேசாம ஓவர்லாக்குல உட்கார வெச்சிடலாமான்னு பார்க்கறேன். சனிக்கிழமை ஆனா சம்பளமாச்சும் வரும்."

"அதுதான் சரி மாஸ்டர்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

அது சரியே அல்ல என்பதுதான் நமது கட்சி. அந்த மாஸ்டருக்கு மட்டும் சொல்லவில்லை. இந்த ஊரில் இப்படி யோசிக்கும் அப்பாமார் நிறைய. பெண் பிள்ளையாக இருந்தால் பேச்சு இன்னும் வேகமாகப் போகும். "படிச்சது போதும், மாப்பிள்ளை பார்" என்று முடித்து விடுவார்கள்.

சரக்கு ஒன்று, பெயர் வேறு

தொண்ணூறு வாங்கியவன் எப்படி ஃபெயில் ஆனான்? மூளை நாலே மாதத்தில் மழுங்கி விடுமா?

விஷயம் இதுதான். பையன் பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்தவன். அணிக்கோவை என்றால் அவனுக்குத் தெரியும். கல்லூரியில் அதையே 'டிடெர்மினன்ட்' என்கிறார்கள். வகைக்கெழு அங்கே 'டெரிவேட்டிவ்'. தொகையீடு அங்கே 'இன்டக்ரல்'. சரக்கு பழைய சரக்கு. லேபிள்தான் புதுசு. அந்த லேபிளைப் படித்து முடிப்பதற்குள் வாத்தியார் மூன்று போர்டு எழுதி அழித்து விடுகிறார். எழுந்து கேட்டால் பக்கத்தில் இருப்பவன் சிரிப்பானோ என்று பயம். வாயை மூடிக் கொள்கிறான்.

இரண்டாவது, வேகம். பிளஸ் டூவில் ஒரே புத்தகம், ஒரு வருஷம். வாரா வாரம் டெஸ்ட். தப்பினால் பிரம்போடு வாத்தியார் பின்னாலேயே வருவார். செமஸ்டரோ நாலைந்து மாதத்தில் முடிந்து விடும். படித்தாயா என்று கேட்க ஆள் இல்லை. முழித்துப் பார்ப்பதற்குள் பரீட்சை.

கதவு திறந்தது, படி?

இந்தப் பிள்ளைகளுக்காகக் கதவைத் திறக்க இந்த மாநிலம் பாடுபட்டிருக்கிறது. இஞ்சினீயரிங் சேர இருந்த நுழைவுத் தேர்வு 2007-ல் ஒழிந்தது. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று பிளஸ் டூ மார்க்கை வைத்தே இடம் என்றானது. 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ் வழியிலும் தொடங்கியது. 2021-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இஞ்சினீயரிங்கிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. அப்படிச் சேர்ந்தவர்களின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொண்டது.

நல்லது. ஆனால் கதவைத் திறந்தால் மட்டும் போதுமா? உள்ளே போனவன் முதல் படியிலேயே தடுக்கி விழுந்தால் தூக்கி விடுவது யார்? வாசல் வரை கூட வந்தவர்கள், விழுந்ததும் "அப்பவே சொன்னேன்" என்கிறார்கள். இது நியாயமா?

கம்பெனியில் இப்படியா செய்கிறோம்?

நமக்குத் தெரிந்த தொழிலையே எடுத்துக் கொள்ளுங்கள். கம்பெனிக்குப் புதுசாக ஒரு பையன் வருகிறான். முதல் நாளே ஓவர்லாக்கில் உட்கார வைத்து, எத்தனை பீஸ் என்று எண்ணுகிறோமா? கிடையாது. முதலில் கைமடி. பீஸை அடுக்குவான். டெய்லர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பான். வேஸ்ட் துணியில் ஓட்டிப் பார்ப்பான். ஊசியை உடைப்பான், திட்டு வாங்குவான். மாதங்கள் கழித்துத்தான் டெய்லர் என்று பெயர் எடுப்பான்.

ஊசி உடைந்த அன்றே அவனை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் இந்த ஊரில் ஒரு டெய்லர் மிஞ்சியிருப்பாரா?

தையல் கோணிய பீஸை என்ன செய்கிறோம்? குப்பையில் போடுவதில்லை. பிரித்து மறுபடி தைக்கிறோம். அரியரும் அதுதான். வேஸ்ட் பீஸ் அல்ல, பிரித்துத் தைக்க வேண்டிய பீஸ். மறுபடி எழுதலாம், பாஸ் செய்யலாம்.

என்ன செய்யலாம்?

மாணவருக்கு: வெட்கத்தை விடு தம்பி. ஒரு நோட்டுப் போடு. இடது பக்கம் தமிழ்ச் சொல், வலது பக்கம் ஆங்கிலச் சொல். பழைய பிளஸ் டூ புத்தகத்தை எடைக்குப் போட்டு விடாதே. அதன் கலைச்சொல் பட்டியலில் இருந்தே தொடங்கலாம். இஞ்சினீயரிங் டிராயிங் பயமுறுத்துகிறதா? அப்பா மேஜை மேல் வெட்டி வைக்கும் முன் துண்டு, பின் துண்டு, கைத் துண்டைப் பார். ஒரு முழு உருவத்தைத் தட்டையாக விரித்தால் எப்படி இருக்கும் என்பதைத்தான் அந்தப் பாடத்திலும் வரையச் சொல்கிறார்கள்!

கல்லூரிக்கு: முதல் வருஷத்துக்கு மூன்று வார அறிமுகப் பயிற்சி வேண்டும் என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலின் திட்டம். அதை மாலை மரியாதையோடும் மேடைப் பேச்சோடும் முடித்து விடக்கூடாது. தமிழ் வழியில் வந்தவர்களைத் தனியே உட்கார வைத்து, சாயங்காலம் ஒரு மணி நேரம் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக் கொடுத்தால் பாதி அரியர் குறையும்.

பெற்றோருக்கு: பிள்ளை பேசாமல் இருந்தால் காரணம் படிப்பு மட்டும் என்று நினைக்காதீர்கள். 1996-ல் மருத்துவ மாணவர் நாவரசு கொலையை இந்த மாநிலம் மறக்கவில்லை. அதன் பிறகே 1997-ல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு வருஷம் வரை சிறை உண்டு. "எத்தனை மார்க்?" என்று கேட்பதற்கு முன்னால் "சாப்பிட்டியா கண்ணு? அங்க யாராச்சும் தொந்தரவு பண்றாங்களா?" என்று கேளுங்கள்.

கடைக்காரர்களே, அக்கம் பக்கத்தாரே! அந்தப் பையனை வழியில் பார்த்தால் "எத்தனை அரியர்?" என்று கேட்பதைத் தயவு செய்து நிறுத்துங்கள்.

சனிக்கிழமை சம்பளம் பெரிய விஷயம்தான். வாடகையும் மளிகைக் கடனும் அதில்தான் அடைகிறது. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஓவர்லாக் மிஷின் எங்கேயும் ஓடிப் போகாது. கல்லூரி இடம் அப்படி இல்லை. விட்டால் மறுபடி கிடைப்பது கஷ்டம்.

மாஸ்டரிடம் இதைத்தான் சொன்னோம். டீ கிளாஸை வைத்தார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சரிங்க, ஒரு வருஷம் பார்க்கலாம்" என்றார்.

ஒரு வருஷம் போதும். அதைக் கொடுங்கள்!