பெயிண்டு பிறகு, பிரேக் முதலில்!

வீட்டில் பழைய அம்பாசடர் கார் நிற்கிறதா? அப்பா வாங்கிய பியட், மாமனார் கொடுத்த மாருதி 800 இருக்கிறதா? விற்க மனம் வரவில்லையா?

விற்க வேண்டாம். வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுங்கள். ஆனால், செலவை எங்கே தொடங்குவது என்று தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் இந்தக் கார்கள் இன்னும் கண்ணில் படுகின்றன. அம்பாசடர், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தரபாராவில் தயாரானது. 2014 மே மாதத்தோடு அது நின்றுவிட்டது. அதே ஆண்டு ஜனவரியில் மாருதி 800 நின்றது. பியட் என்று நாம் சொல்லும் பிரிமியர் பத்மினி நின்று 20 வருடங்களுக்கு மேல் ஆகிறது. ஆகவே, இவற்றில் கடைசியாக வந்த காருக்கே வயது பத்தைத் தாண்டிவிட்டது.

பழைய காரைப் புதுப்பிக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள்? முதலில் பளபளவென்று பெயிண்டு அடிக்கிறார்கள். அடுத்து சீட்டுக்குப் புது உறை. அகலமான டயர். காதைப் பிளக்கும் ஹாரன். "பிரேக்கைப் பார்க்கணும் சார்" என்று மெக்கானிக் சொன்னால், "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்கிறார்கள்.

இது தலைகீழ் வேலை.

தேருக்கே பிரேக்!

திருவாரூர் ஆழித்தேர் எல்லோருக்கும் தெரியும். முட்டுக்கட்டையை நம்பியிருந்த தேர் அது. அதற்கு இரும்புச் சக்கரமும் இரும்பு அச்சும் வந்தன. ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தது. அந்த பிரேக்கைச் செய்து கொடுத்தது வேறு யாரும் அல்ல. நம் திருவெறும்பூர் பெல் தொழிற்சாலைதான்!

தேர் தேராகவே இருக்கிறது. உருள்வதும் நிற்பதும்தான் மாறின. பழைய பொருளைத் திருத்துவது என்றால் இப்படித்தான் திருத்த வேண்டும்.

காருக்கு வருவோம். பழைய அம்பாசடரில் பிரேக் எண்ணெய் ஒரே பாதையில்தான் ஓடும். ஒரு சக்கரத்துக் குழாய் வெடித்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். அப்போது கைபிரேக் ஒன்றுதான் துணை. காவிரிப் பாலத்தில், முன்னால் பஸ், பின்னால் லாரி என்று வரும்போது இதை நினைத்துப் பாருங்கள்.

பிரேக் எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். பிரேக் சூடானால் அந்த ஈரம் கொதித்து ஆவியாகும். ஆவி வந்தால் மிதி பஞ்சுபோல் அமுங்கும், கார் நிற்காது. எனவே 2 வருடத்துக்கு ஒரு முறை எண்ணெயை முழுவதும் வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். சக்கரத்தில் உள்ள ரப்பர் வாஷரையும் மாற்றச் சொல்லுங்கள். அதை பெட்ரோலில் கழுவ விடாதீர்கள். எஞ்சின் எண்ணெயும் படக்கூடாது. பட்டால் ரப்பர் ஊதிவிடும். சில பட்டறைகளில் அவசரத்துக்கு பெட்ரோலில்தான் கழுவுகிறார்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். மெக்கானிக் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்!

பெட்ரோல் மாறிவிட்டது

இரண்டாவது ஆபத்து பெட்ரோல் குழாயில் இருக்கிறது. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் நூற்றுக்கு 20 பங்கு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் என்பது கரும்பு, தானியம் முதலியவற்றிலிருந்து எடுக்கும் சாராயம். பழைய கார்களை இதற்காகச் செய்யவில்லை. அந்தக் காலத்து ரப்பர் குழாய் இதில் ஊறி இளகும்; பிறகு வெடிக்கும். பெட்ரோல் பம்பின் ஜவ்வும் கெட்டுப்போகும். சொட்டும் பெட்ரோல் சூடான எஞ்சின்மேல் விழுந்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

குழாய் முழுவதையும் எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றிவிடுங்கள். அகல டயருக்கு ஆகும் செலவில் இது மிகச் சிறு பங்கு. மாதக்கணக்கில் காரை நிறுத்தி வைக்கவும் கூடாது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். டாங்கியின் உள்ளே துருப்பிடிக்கும். வாரம் ஒரு முறையாவது சமயபுரம் வரை போய் வாருங்கள். மைலேஜும் கொஞ்சம் குறையும். இப்படிப்பட்ட கார்களில் நூற்றுக்கு 6, 7 பங்கு குறையலாம் என்று 2021-ல் நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. அதற்காக மெக்கானிக்கைத் திட்ட வேண்டாம்.

பெட்ரோலில் ஈயம் கலப்பது 2000-ம் ஆண்டில் நாடு முழுவதும் நின்றது. பழைய எஞ்சினில் வால்வு உட்காரும் இடத்தை அந்த ஈயம்தான் காப்பாற்றி வந்தது. என்றைக்காவது எஞ்சின் தலையைக் கழற்றும்போது, கெட்டியான வால்வு சீட் போட்டுவிடுங்கள். அதற்காகவே கழற்ற வேண்டாம்.

ஈரத்துணி வைத்தியம்

சித்திரை வெயிலில் கார் திடீரென்று நின்றுவிடும். பானட்டைத் திறந்து, பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றுவார் டிரைவர். பத்து நிமிஷத்தில் கார் கிளம்பும். இது மந்திரம் அல்ல. சூட்டில் பெட்ரோல் ஆவியாகிப் பம்பை அடைத்துக்கொள்கிறது. துணி அதைக் குளிர வைக்கிறது. நல்ல வைத்தியம்தான். ஆனால் தினமும் துணி தேவைப்பட்டால் நோய் ரேடியேட்டரில் இருக்கிறது. போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே உப்புப் படிந்திருக்கும். அதைச் சுத்தம் செய்து கூலண்ட் ஊற்றுங்கள். 'தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் சூடாகாது' என்று யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். எஞ்சினுக்கு அளவான சூடு வேண்டும். அது இல்லாவிட்டால் பெட்ரோல் அதிகம் குடிக்கும், சீக்கிரம் தேயும்.

சட்டம் என்ன சொல்கிறது?

வேறு எஞ்சின் வைக்கலாமா? கூரையை வெட்டலாமா? ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் மாறும்படி காரைத் திருத்தக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம். 6 மாதம் வரை ஜெயிலும் உண்டு. எஞ்சினையோ நிறத்தையோ மாற்றுவதானால் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் முறைப்படி செய்யுங்கள். ஹெட்லைட்டுக்கு ரிலே வைப்பது, பியூஸ் கூட்டுவது, கெட்டியான இடத்தில் சீட் பெல்ட் பொருத்துவது ஆகியவை நல்ல மாற்றங்கள். என் ஓட்டு இவற்றுக்குத்தான்.

15 வருடம் முடிந்தால் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். பிறகு 5 வருடத்துக்கு ஒரு தடவை. காருக்கு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022-ல் 5,000 ஆயிற்று. 20 வருடத்தைத் தாண்டிய காருக்கு 2025-ல் 10,000 ஆக்கிவிட்டார்கள். பிரேக்கையும் குழாயையும் ஒழுங்காக வைத்திருக்கிற குடும்பத்துக்கு இது பெரிய தண்டனை என்பது என் கருத்து. வயதைப் பார்த்து வசூலிப்பதைவிட, காரைச் சோதித்து, தேறியதற்குக் குறைத்து வாங்கலாம்.

விற்க வேண்டிய கார் எது?

இவ்வளவு சொன்ன பிறகும், சில கார்களை விற்றுவிடத்தான் வேண்டும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? பெயிண்டு அடிக்கும் முன்பே பாருங்கள். அடித்த பிறகு தெரியாது. காரை உயர்த்தி நிறுத்தி, பின்பக்கத்துப் பட்டை வில் பாடியோடு சேரும் இடத்தை ஸ்குரூ டிரைவரால் குத்தச் சொல்லுங்கள். 'டங்' என்று சத்தம் கேட்டால் இரும்பு நன்றாக இருக்கிறது. முனை பொசுக்கென்று உள்ளே போனால், அங்கே இருப்பது துருவும் பட்டியும்தான். நல்ல வெல்டர் பார்த்து, "புதுத் தகடு வைத்துக் கட்டலாம்" என்று சொன்னால் கட்டுங்கள். அவர் தலையை ஆட்டினால், அந்தக் காரில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.